கண்டி வீதியில் மூன்று முகூர்த்தங்கள்

கண்டியிலிருந்து சீகிரியா ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஏ9 வீதியில் மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை என வடக்கே இறங்கி, இனாமலுவையில் வலப்பக்கம் திரும்பினால் மூன்று மணி நேரத்தில் பாறையடிக்குப் போய்விடலாம். சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. இதே வீதியில் ஒரு பகல் முழுதையும் செலவழிக்க நினைப்பவருக்கென்று ஒரு நேர அட்டவணை இருக்கிறது. அதைப் போட்டது போக்குவரத்துச் சபை இல்லை, தேனீக்கள்.

கொடுக்கில்லாத கொசுத்தேனீயைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இலங்கையில் இயற்கையாக வாழும் தேனீ மூன்று வகை. செடிக்கொம்பில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ; பெட்டியில் வைத்து வளர்ப்பது இதைத்தான். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒரே பெரிய அடையாகத் தொங்கவிடும் மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. மூன்றும் ஒரே காட்டில், ஒரே பூவில் மேய்கின்றன. மூன்றின் ராணிகளும் ஆண்களை அழைக்கப் பயன்படுத்தும் வாசனையின் முக்கியப் பொருளும் ஒன்றே. அப்படியிருக்க, இந்த ஆண்கள் எப்படி இனம் மாறிப் போகாமல் இருக்கின்றன?

பதில் 1976-இல் அச்சில் வந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் கோனிகரும் இலங்கையின் விஜயகுணசேகரவும் மூன்று வகைக் கூடுகளையும் கவனித்து, ஆண் தேனீக்கள் எத்தனை மணிக்குப் பறந்து போகின்றன என்று குறித்தார்கள். கொம்புத்தேனீயின் ஆண்கள் பகல் 12 மணியிலிருந்து 2.30 வரை. அடுக்குத்தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை. மலைத்தேனீயின் ஆண்கள் 6 மணி முதல் 6.45 வரை. ஒன்றின் நேரத்தில் இன்னொன்று குறுக்கிடுவதே இல்லை. ஒரே மண்டபத்தில் மூன்று வீட்டுக் கல்யாணம் நடக்க வேண்டுமானால் முகூர்த்தத்தைப் பிரித்துக்கொள்வதுபோலத்தான் இதுவும்.

அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் காலையில் முதலில் நிற்க வேண்டிய இடம் பேராதனை.

பேராதனைத் தாவரவியல் பூங்காவை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஏறத்தாழ 147 ஏக்கர். பெரும்புல்வெளியில் குடை விரித்து நிற்கும் அத்திக்குத்தான் கூட்டம் அதிகம். காதலர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மணக்கோலத்தில் படம் எடுக்க வந்த ஜோடிகள். தேனீ பார்க்க வந்தவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. பனைச்சாலை ஓரமாக, பூத்திருக்கும் எந்த மரத்தடியிலும் காலை எட்டு மணிக்கு நின்றால் போதும். தலைக்கு மேலே இரைச்சல் கேட்கும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அதே மரத்தில் பூ அப்படியே இருக்கும், இரைச்சல் குறைந்திருக்கும். பூவில் தேன் சுரப்பதற்கும் மகரந்தம் வெடிப்பதற்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தைத் தேனீ மனத்தில் வைத்திருக்கிறது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஆகஸ்ட் ஃபோரல். மனநல மருத்துவர், எறும்புப் பித்தர். ஒரு காலத்தில் சுவிஸ் நாட்டின் 1000 பிராங்க் நோட்டில் அவர் முகம் ஒரு பக்கமும் எறும்புகள் மறுபக்கமும் அச்சாகியிருந்தன. கோடையில் திறந்தவெளியில் அவர் வீட்டார் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஜாமைத் தேடித் தேனீக்கள் வரும். ஒருநாள் மேசையில் ஒன்றுமே வைக்காதபோதும் அவை அதே நேரத்துக்கு வந்து வட்டமிட்டன. வாசனை இல்லை, நிறம் இல்லை. நேரம் மட்டும்தான் இருந்தது.

1929-இல் மியூனிக்கில் தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவி இங்கபோர்க் பேலிங் இதைச் சோதனையாகவே செய்துவிட்டார். தேனீக்களுக்கு அடையாள வண்ணம் பூசி, தினமும் மாலை 4 மணி முதல் 6 வரை மட்டும் சர்க்கரைப் பாகு வைத்தார். பிறகு ஒருநாள் கிண்ணத்தைக் காலியாக வைத்துவிட்டு, காலையிலிருந்து இரவு வரை யார் யார் வருகிறார்கள் என்று எண்ணினார். வந்தவற்றில் ஆகப் பெரும்பாலானவை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வந்தன. 24 மணிக்கு ஒருமுறை என்றால் கற்றுக்கொண்ட அதே தேனீக்களை 19 மணிக்கு ஒருமுறை வரவைக்க முடியவில்லை. 48 மணிக்கு ஒருமுறை என்றும் பழக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரம் ஒரு நாள் கடிகாரம். வேறு கணக்கு அதற்குத் தெரியாது.

அது உள்ளேதான் இருக்கிறதா, சூரியனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறதா என்ற சந்தேகம் மிச்சமிருந்தது. அதைத் தீர்க்கத் தேனீயே விமானம் ஏற வேண்டியிருந்தது. 1955 ஜூனில் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் ஒரு மூடிய அறையில், எப்போதும் எரியும் விளக்கின் கீழ், இரவு 8.15 முதல் 10.15 வரை தேனீக்களுக்குப் பாகு கொடுத்துப் பழக்கினார். பிறகு கூட்டைப் பெட்டியில் அடைத்து ஒரே இரவில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் கொண்டுபோனார். அங்கே அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதே அளவில் இன்னொரு மூடிய அறை தயாராக இருந்தது. மறுநாள் நியூயார்க் கடிகாரத்தில் பிற்பகல் 3.15 ஆனபோது தேனீக்கள் சாப்பிட வந்தன. பாரிஸில் அப்போது இரவு 8.15.

பேராதனையை விட்டுக் கண்டிக்குள் புகுந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி வடக்கே போகும் வீதியில் இரு பக்கமும் வீட்டுத் தோட்டங்கள். பலா, மிளகுக்கொடி, கறுவா, கிராம்பு, ஜாதிக்காய். கண்டி நாட்டு வீடுகளில் மண்பானையைக் கவிழ்த்தோ படுக்கவைத்தோ அதில் அடுக்குத்தேனீயைக் குடிவைப்பது பழைய வழக்கம். இப்போது மரப்பெட்டிகளும் வந்துவிட்டன. வாசனைத் தோட்டம் என்று பலகை போட்டு வெள்ளைக்காரர்களுக்கு எண்ணெய் விற்கும் இடங்கள் சிலவற்றில் பெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

பெட்டியின் வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருக்குத் தெரிவது பாதி உண்மைதான். போவதும் வருவதுமாக இருப்பவை முதிர்ந்த தேனீக்கள். அவை விடியலில் கிளம்பி மாலையில் ஓய்கின்றன, இரவில் உறங்குகின்றன. தேனீ உறங்குமா என்று கேட்டால், ஜெர்மனியில் வால்டர் கைசர் 1980-களில் அதைப் படமெடுத்துக் காட்டினார். கால்கள் தளர்ந்து, உடல் தணிந்து, உணர்கொம்பு இரண்டும் மெல்ல மெல்லக் கீழே சரிந்து நிற்கும். பின்னால் பேரட் கிளைன் என்ற அமெரிக்கர் தேனீக்களின் முதுகில் இரும்புத் துணுக்கு ஒட்டி, காந்தத்தால் இரவெல்லாம் அசைத்து உறங்கவிடாமல் செய்தார். மறுநாள் அவை பூ இருக்கும் திசையைக் காட்டி ஆடிய ஆட்டத்தில் துல்லியம் குறைந்திருந்தது.

இன்னொரு பாதி மூடிக்கு அடியில் இருக்கிறது. பிறந்து சில நாளே ஆன இளந்தேனீக்கள் அங்கே புழுக்களுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். புழுவுக்குப் பகல் இரவு கிடையாது. ஒரு புழுவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை எட்டிப் பார்க்கிறார்கள் தாதிகள். பகல் 2 மணிக்குச் செய்வதை இரவு 2 மணிக்கும் செய்கிறார்கள். மேற்கத்தியத் தேனீயை வைத்து எருசலேமில் ஆய்வாளர் கை பிளாக் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். அவரும் அமெரிக்காவின் ஜீன் ராபின்சனும் 2001-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். கூட்டில் தாதிகளே இல்லாமல் ஆக்கினார்கள். வேறு வழியின்றி, வெளியே போய்ப் பழகிய முதிய தேனீக்கள் சில திரும்பி வந்து புழுவுக்கு ஊட்டத் தொடங்கின. நேரம் தவறாத அவற்றின் தாளம் அதோடு போயிற்று. இரவு பகல் பாராமல் வேலை செய்தன.

தாதியின் கடிகாரம் நின்றுவிட்டதா? இல்லை. ஒரு தாதியைக் கூட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்தால் சீக்கிரமே ஒழுங்காக விழிக்கவும் ஓயவும் தொடங்குகிறது. கூட்டுக்குள்ளேயே, புழு இருக்கும் அடைமேல் கம்பிவலைக் கூண்டில் வைத்து, புழுவைத் தொடமுடியாமல் செய்தாலும் தாளம் திரும்பிவிடுகிறது. அதாவது மணி பார்ப்பதை மறக்கடிப்பது புழுவின் தொடுகைதான். எறும்பிலும் இதே கதை. ஜப்பானிய ஆய்வாளர்கள் டயகாமா என்ற எறும்பில் பார்த்தது: முட்டையையும் புழுவையும் பார்த்துக்கொள்ளும் எறும்புக்கு நாள் முழுதும் வேலை, அவ்வளவு கவனிப்பு வேண்டாத கூட்டுப்புழுவைப் பார்த்துக்கொள்ளும் எறும்புக்கு இரவு பகல் உண்டு.

பூச்சியின் கடிகாரம் என்றால் பழ ஈயின் கடிகாரம்தான் உலகப் புகழ். 1971-இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் நேரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடித்து, ஒரே மரபணுவில் கோளாறு இருப்பதைக் காட்டினார்கள். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு. ஆனால் 2006-இல் தேனீயின் மரபணுத்தொகுதியைப் புரட்டியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. தேனீயின் கடிகாரப் பாகங்கள் ஈயுடையவற்றைவிடப் பாலூட்டிகளுடையவற்றுக்கு நெருக்கமாக இருந்தன. ஈயில் இன்றியமையாத ஒரு பாகம் தேனீயிடம் இல்லவே இல்லை.

மாத்தளை வரும்போது பதினொன்று ஆகியிருக்கும். ஊரின் அடையாளம் முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம். மலையகத் தமிழர் இங்கே கடைகளும் தேநீர்ச்சாலைகளும் நடத்துகிறார்கள். வடை, பிளேன்ரீ, வெற்றிலை. வேனை நிறுத்தினால் ஓட்டுநருக்கும் இங்கேதான் பேச்சு வாய்க்கிறது. தோட்டத்தில் பிறந்த அவருக்கு மூன்று தேனீயையும் தெரியும்.

“கொம்புத்தேன் கொஞ்சந்தாங்க கெடைக்கும், ஆனா கண்ணுக்கு மருந்தும்பாங்க. பெட்டித்தேன் விக்கலாம். பம்பராத்தேன் எடுக்க நெஞ்சுல துணிவு வேணும்” என்கிறார். அவர் சொன்ன மருந்துக்கணக்கு எப்படியோ, தைரியக்கணக்கு சரி.

நாலந்தாவைத் தாண்டியதும் மலை முடிந்து வறண்ட வலயம் தொடங்குகிறது. காற்றில் ஈரம் குறைகிறது. வீதியோரத்தில் பாலை, வேம்பு, முட்புதர். வெங்காய மூட்டை ஏற்றிய லொறிகள் தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றன. பகல் 12 மணி. முதல் முகூர்த்தம்.

கொம்புத்தேனீயைத் தேடுவதற்கு மேலே பார்க்கத் தேவையில்லை. புதருக்குள் பார்க்க வேண்டும். மார்பு உயரத்தில், இலைமறைவில், ஒரு கொம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு அடை. தேனீக்கள் அதன்மேல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரைபோல மூடியிருக்கும். தேனீ ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. வயிற்றில் செம்பழுப்புப் பட்டை. கொம்பின் இரு பக்கமும் கூர்ந்து பார்த்தால் பளபளவென்று பிசின் வளையம் தெரியும். எறும்பு வராமலிருக்கத் தேனீக்களே பூசியது. அடை கொம்பைத் தாண்டி மேலே எழும்பி, ஒரு சின்ன மேடையாக விரிந்திருக்கும். பூவைக் கண்டுவந்த தேனீ அந்த மேடையில்தான் ஆடும். மற்ற இரண்டு இனமும் செங்குத்தான அடையில் ஆடும்போது, இது படுக்கைவாட்டில், வானத்தைப் பார்த்தபடி, பூ இருக்கும் பக்கமே நேராக ஓடிக்காட்டுகிறது.

இதை உலகுக்குச் சொன்னவர் ஃபான் ஃபிரிஷின் இன்னொரு மாணவர் மார்ட்டின் லிண்டவர். 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்து இந்த மூன்று தேனீக்களின் ஆட்டத்தையும் ஒப்பிட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு இங்கே ஒரு புதிய சிக்கல் கிடைத்தது. தேனீக்கு நேரம் தெரிய வேண்டியது சாப்பாட்டுக்கு மட்டும் அல்ல; திசைக்கும். சூரியனை வைத்துத் திசை பிடிக்கிற பிராணி, சூரியன் நகர்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் பார்த்த பூவுக்கு மாலையில் வழி சொல்ல, உள்ளே கடிகாரம் ஓடினால்தான் முடியும். ஜெர்மனியில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகத்தான் போகும். இலங்கையில் வருடத்தில் இரு முறை, ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வானிலை அவதான நிலையமே எந்த ஊருக்கு எந்த நாள் என்று அறிவிக்கும். அந்த நாட்களில் நண்பகலை ஒட்டிய சில நிமிடங்களுக்குச் சூரியன் எந்தத் திசையையும் காட்டாது. லிண்டவர் பார்த்தபோது, தேனீக்களின் ஆட்டமும் அந்த வேளையில் திசை கெட்டுப்போனது. பெரும்பாலான தேனீக்கள் அந்நேரம் வெளியே போகாமல் கூட்டிலேயே இருந்துகொண்டன.

வேலைக்காரத் தேனீக்கள் ஓயும் அந்த உச்சிவெயிலில்தான் கொம்புத்தேனீயின் ஆண்கள் கிளம்புகின்றன. ஆண் இருக்கும் பருவமாக இருந்தால், கூட்டின் மேற்புறத்தில் சற்றே பருத்த, கரிய உடல்கள் நெளிவது தெரியும். ஆணுக்குக் கூட்டில் ஒரு வேலையும் இல்லை. தேன் குடிப்பதும், தன் நேரம் வந்ததும் பறப்பதும்தான். ராணி கிடைத்தால் கூடிவிட்டுச் செத்துவிழும். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து தேன் குடித்துவிட்டு மறுநாளுக்குக் காத்திருக்கும். இரண்டரை மணிக்கு மேல் ஒன்றும் பறக்காது.

தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கு ஏறி இறங்க இந்த இடைவேளை சரியாக இருக்கும். அடுத்த நேரம் 4.15.

இனாமலுவையிலிருந்து சீகிரியா போகும் கிளைவீதியில் குளக்கட்டுகளும் வயல்களும் சின்னச் சின்ன விடுதிகளும். அடுக்குத்தேனீக் கூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வாய்த்தால், ஆண்கள் வளர்ந்த அறைகளைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். அடையின் கீழ் ஓரத்தில், மற்றவற்றைவிடப் பெரிதாக, மூடி கூம்பாக மேடிட்டு, உச்சியில் ஊசி நுழையும் அளவு ஒரு துளையோடு இருக்கும். மேற்கத்தியத் தேனீயில் இந்தத் துளை கிடையாது. அதிலிருந்து வெளிவந்த ஆண்கள் நாலேகாலுக்கு மேல் வாசலை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அதுவரை மெல்லிய ரீங்காரமாக இருந்த பெட்டி தடித்த குரலில் இரைகிறது. ஆண்கள் எங்கே போகின்றன என்பதையும் இலங்கையில்தான் கண்டுபிடித்தார்கள். இந்நாட்டுத் தேனீ வளர்ப்பைப் பற்றி நிறைய எழுதியுள்ள புஞ்சிஹேவாவும் கோனிகர் தம்பதியும் 1990-இல் எழுதியபடி, இவை மரங்களின் உச்சிக்கிளைகளுக்கு இடையே உள்ள வெளியில் கூடிச் சுற்றுகின்றன. ராணி அங்கே தேடி வருகிறாள்.

போர்னியோவில் இதே அடுக்குத்தேனீ இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. பிற்பகல் நடுவிலேயே அதன் ஆண்கள் பறந்து முடித்துவிடுகின்றன. காரணம், அங்கே சிவப்புத்தேனீ என்று இன்னொரு இனம் இருக்கிறது. மாலை வேளையை அது எடுத்துக்கொண்டது. இலங்கையில் அந்தப் போட்டி இல்லை. ஆக, நேரம் என்பது தேனீயின் மூளைக்குள் மட்டும் எழுதப்பட்டது இல்லை. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்து நிலைத்தது.

வெளிச்சமே நுழையாத பொந்துக்குள் பிறந்து, ஒருநாள்கூட வெளியே போகாத இளந்தேனீக்கு மணி எப்படித் தெரியும் என்ற கேள்வியும் இங்கே எழும். கை பிளாக்கின் குழு 2016-இல் வெளியிட்ட சோதனையில், இளந்தேனீக்களைத் தனித்தனி வலைக்கூண்டில் அடைத்துக் கூட்டுக்குள் வைத்தார்கள். விளக்கு ஒரு நேரத்தைச் சொன்னது. கூடு வேறொரு நேரத்தைச் சொன்னது. இளந்தேனீக்கள் கூட்டின் நேரத்தையே ஏற்றன. பறந்துபோய் வரும் மூத்தவர்களால் எழும் அதிர்வும் கூட்டின் வாசனையும் காற்றிலும் மெழுகிலும் பரவி இளையவர்களின் கடிகாரத்தைத் திருத்துகின்றன என்று பின்வந்த சோதனைகள் காட்டின.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் ராஜனும் 1981-இலேயே வௌவாலில் இதைக் காட்டியிருந்தார்கள். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால், வானத்தைப் பார்க்காமலே, சுற்றியிருந்த வௌவால்கள் போய்வருவதை வைத்து நேரம் தவறாமல் விழித்தது. கூட்டாளிகள் இல்லாத குகைக்கு மாற்றியதும் அதன் நாள் மெல்ல மெல்ல விலகிப்போனது.

ஐந்தரை. சீகிரியாப் பாறை செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் தன் அரண்மனையை உச்சியில் கட்டிய பாறை; 1982 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. சுவரோவியம், கண்ணாடிச் சுவர், சிங்கப் பாதம் எல்லாம் பார்த்துக் களைத்தவர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப் பாதத் தளத்தில் சத்தம் போட வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகைகளும், தேனீ கலைந்தால் ஓடி ஒளிய வலையடித்த கூண்டும் இருக்கின்றன. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பாறையின் நெற்றியில் கருப்பாக, அரைவட்டமாக, கூடு கூடாகத் தொங்கும். வெள்ளைக்காரப் பயணிகள் குளவி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். “குளவி இல்லீங்க, பம்பரா. கைய வீசாதீங்க” என்று ஓட்டுநர் தாழ்ந்த குரலில் சொல்கிறார்.

மலைத்தேனீயின் அடை ஒரு மீட்டரைத் தாண்டும். அதை மூடியிருக்கும் திரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குத் தேனீக்கள். குளவி அருகே வந்தால் அத்திரையில் அலை எழும். ஒரு தேனீ வயிற்றைத் தூக்க, அடுத்தது தூக்க, நொடிக்குள் கூடு முழுவதும் பளிச்சென்று சுழன்றடங்கும். தொலைநோக்கி வைத்திருப்பவருக்குக் கீழிருந்தே இது தெரியும்.

ஆறு மணிக்கு நுழைவாயில் பக்கம் கூட்டம் வடிந்துவிடும். அகழியோரத்திலிருந்து பார்த்தால் வானம் இன்னும் வெளிறியிருக்கும், பாறை இருண்டுவிட்டிருக்கும். மலைத்தேனீயின் ஆண்களுக்குக் கண் பெரிது. தலையின் உச்சியில் இரு கண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மற்ற ஆண் தேனீக்கள் பறக்க முடியாத மங்கலில் இவை பறக்க முடிவது அதனால்தான். ஆறேமுக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். மூன்று கல்யாண வேளைகளில் மிகக் குறுகியது இதுவே: முக்கால் மணி நேரம்.

ஆனால் மலைத்தேனீயின் நாள் அதோடு முடிவதில்லை. நிலவிருந்தால் வேலைக்காரத் தேனீக்கள் இரவிலும் பூத்தேடிப் போகின்றன. திரும்பி வந்து ஆடும்போது அவை நிலவைத் திசையாக வைத்துக்கொள்ளவில்லை. பூமிக்கு அடியில் போய்விட்ட சூரியன் அந்நேரம் எங்கே இருக்குமோ அதை வைத்தே ஆடுகின்றன என்று 1985-இல் ஃபிரெட் டயர் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத சூரியனைத் தொடர்வதற்குக் கடிகாரம் ஒன்றே வழி. மலேசியாவில் துவாலாங் மரத்தில் தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத இரவையே தேர்ந்தெடுக்கிறார்கள். நிலவெளிச்சத்தில் கூட்டைக் கலைத்தால் தேனீ கண்டுபிடித்துக் கொட்டும். இருட்டில், அவர்கள் உதிர்க்கும் தீப்பொறியின் பின்னால் கீழே போய்விடும்.

நிலவே வேண்டாத ஒரு தேனீயும் நம் பக்கத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியின் பேரைத் தாங்கிய சைலோகோபா டிரான்குபாரிகா என்ற தச்சுத்தேனீ. மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதன் குழுவினர் இதைப் பின்தொடர்ந்து, விண்மீன் வெளிச்சம் மட்டும் இருக்கும் இரவிலும் பறப்பதைப் பதிவு செய்தார்கள். அது மலைத்தேனீபோல ஆயிரக்கணக்கில் கூடி வாழ்வதில்லை. காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருப்பது. அதன் இரவை அதன் கண்ணே தீர்மானிக்கிறது. அடுக்குத்தேனீயின் பகலைத் தீர்மானிப்பதில் கண்ணும் மூளையும் மட்டுமின்றிப் புழுவும் மூத்த தேனீக்களும் பக்கத்துக் காட்டு இனமும் பங்கு பெறுகின்றன. கூடி வாழ்கிற பூச்சியின் நேரத்தைப் பற்றி இதுவரை தெரிந்தவற்றில் இதுதான் முக்கியமானது என்று சொல்லலாம்.

சீகிரியாவில் பகலிலேயே பாறை ஏறி இறங்கிவிடுங்கள். வாசனைத் திரவியம் பூசாமல், கத்தாமல், கூட்டின் பக்கம் ட்ரோன் பறக்கவிடாமல் போய்வந்தால் பம்பரா தானாக யாரையும் தேடி வராது. இரவில் பெருவிளக்கைப் பாறைப் பக்கம் திருப்ப வேண்டாம். மலைத்தேனீ வெளிச்சத்தை நோக்கி வந்து விழுந்து சாகும், சாகுமுன் கொட்டவும் செய்யும். கீழே இறங்கியதும் உடனே அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். தொலைநோக்கியோடு 6.45 வரை அகழியோரத்தில் இருங்கள். அதற்குப் பிறகு பார்க்க முகூர்த்தம் ஒன்றும் மிஞ்சாது.